பழைய நினைவு நாணயத்தின் நிலையை இணையப் படங்களிலிருந்து கணிப்பது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளியை ஒட்டி, இணையத்தில் ஒருவரிடமிருந்து 1973ஆம் ஆண்டின் 5 வெள்ளி (டாலர்) நினைவு நாணயம் ஒன்றை வாங்கினேன். அவ்வாண்டு சிங்கப்பூரில் நடைபெற்ற தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டிகளுக்காக வெளியிடப்பட்ட, 25 கிராம் எடையும் பாதி வெள்ளிக் கலப்பும் கொண்ட நாணயம் அது. படத்தில் அது துலக்கி வைத்த தட்டுப்போல வெள்ளை வெளேரென்று மின்னியது. 'புழக்கத்துக்கே போகாதது' என்று விற்றவர் எழுதியிருந்தார். கையில் வந்ததும் சன்னலோரம் சாய்த்துப் பார்த்தேன். பரப்பு முழுவதும் ஒரே திசையில் எண்ணற்ற நுண்கீறல்கள் ஓடின. கேட்டபோது அவர் மறைக்காமல் சொன்னார்: படம் எடுப்பதற்கு முன் அவருடைய அம்மா திருநீறு போட்டுத் தேய்த்துக் கொடுத்தாராம். வெள்ளி விளக்குக்குச் செய்வதை நாணயத்துக்கும் செய்திருக்கிறார். விற்றவர் பொய் சொல்லவில்லை. அந்த நாணயம் உண்மையிலேயே புழங்காததுதான். பிழை என்னுடையது. அந்தப் படத்தால் காட்டவே இயலாத ஒன்றை அது காட்டிவிட்டதாக நான் எடுத்துக்கொண்டேன்.

ஆகவே, நாணயம் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் வரிசையில் நாணயத்தின் மேற்பரப்பை ஆராய்வது மூன்றாவதாகத்தான் வரும். முதலில் அது எந்த நாணயம் என்று அறிய வேண்டும். அடுத்துப் படத்தை மதிப்பிட வேண்டும்.

முதற்படி: எதைப் பார்க்கிறோம் என்று அறிதல்

சிங்கப்பூர்த் தமிழில் டாலருக்கும் வெள்ளி, உலோகத்துக்கும் வெள்ளி. இந்தச் சொல் புதியவர்களை அடிக்கடி வழுக்கி விழச் செய்கிறது. மேலே சொன்ன 1973ஆம் ஆண்டின் 5 வெள்ளி நாணயத்தில் வெள்ளி உண்டு; சாங்கி விமான நிலையத் திறப்பை ஒட்டி 1981-இல் வெளியான 5 வெள்ளி நாணயத்தின் சாதாரணப் பதிப்போ செம்பும் நிக்கலும் கலந்தது. இரண்டும் படத்தில் ஏறத்தாழ ஒரே நிறத்தில் தெரியும். உலோகம் எது என்று தெரிந்தால்தான் எந்தக் குறையை எதிர்பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். செம்பு–நிக்கல் கடினமானது; அதன் நிறம் மெல்ல மங்கிச் சாம்பலாகுமே தவிர எளிதில் பெரிதாக மாறுவதில்லை. பாதி வெள்ளிக் கலவையில் செம்பு நிறைய இருப்பதால் பழுப்பும் பச்சையும் விரைவில் எட்டிப் பார்க்கும். திரு லீ குவான் இயூவின் நூற்றாண்டையொட்டிச் சிங்கப்பூர் நாணய ஆணையம் 2023-இல் வெளியிட்ட 10 வெள்ளி நாணயம் அலுமினிய வெண்கலத்தால் ஆனது. பொன்னிறமாக இருந்தாலும் அதில் தங்கம் இல்லை, விரல் பட்ட இடம் நாளடைவில் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அது ஏறத்தாழ 40 லட்சம் எண்ணிக்கையில் அச்சிடப்பட்டது என்பதால், அதை முகமதிப்புக்கு மேல் விலை கொடுத்து வாங்க நினைப்பவருக்கு நாணயத்தின் நிலை ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும்.

அடுத்து, அது சாதாரண அச்சா, புரூஃப் அச்சா என்று பார்க்க வேண்டும். புரூஃப் என்பது தரத்தின் பெயர் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது செய்முறையின் பெயர். மெருகேற்றிய உலோகத் தகட்டை மெருகேற்றிய அச்சுகளால் ஒருமுறைக்கு மேல் அழுத்தி எடுப்பதால் வெற்றுப்பரப்பு கண்ணாடிபோலவும், பல நாணயங்களில் புடைப்புருவம் பனி படர்ந்ததுபோலவும் அமையும். இப்படிப்பட்ட நாணயத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துவிட்டாலும் அது புரூஃப்தான். ஆனால் கெட்டுப்போன புரூஃப். பெட்டியும் சான்றிதழும் படத்தில் இருப்பதை நாணயத்தின் நிலைக்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

தரத்தைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்குவது 1 முதல் 70 வரையிலான அளவுகோல். 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தம் நாட்டின் பழைய செப்புக் காசுகளுக்காக வகுத்தது அது. 60 முதல் 70 வரை தேய்மானமே இல்லாதவை. 50 முதல் 58 வரை மேடான இடங்களில் மட்டும் இலேசாகத் தேய்ந்தவை. படத்தை வைத்து 64-ஐயும் 65-ஐயும் பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது, முயல வேண்டாம். தேய்ந்ததா இல்லையா, தேய்க்கப்பட்டதா இல்லையா, அரிப்போ வேறு கேடோ உண்டா என்ற மூன்று கேள்விகளுக்குப் படம் விடை தந்தால் அதுவே பெரிது.

தொடங்குமுன் அதே நாணயத்தின், நல்ல நிலையிலுள்ள வேறொரு பிரதியின் தெளிவான படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட எதுவும் இல்லாமல் பார்க்கும் கண், அச்சிலேயே மங்கலாக விழுந்த இடத்தையும் தேய்ந்த இடத்தையும் ஒன்றாகவே காணும்.

இரண்டாம்படி: படத்தை மதிப்பிடுதல்

ஒரு சிறு கணக்கு. சுமார் 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரிய நினைவு நாணயம் ஒன்று திரையில் 600 புள்ளி (பிக்சல்) அகலத்தில் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டருக்கு 15 புள்ளிகள். துணியால் துடைத்ததில் விழும் கீறலின் அகலம் 0.05 மில்லிமீட்டர் என்றால் அது ஒரு புள்ளிக்கும் குறைவு. அதாவது, அந்தப் படத்தில் கீறல் தெரியவில்லை என்பதற்குப் பொருளே இல்லை. அங்கே கீறல் தெரிவதற்கு இடமே இல்லை. அதே நாணயம் 3,000 புள்ளி அகலத்தில் இருந்தால் அந்தக் கீறலுக்கு மூன்று நான்கு புள்ளிகள் கிடைக்கும். எனவே படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா? நான்கு மொழிகளில் நாட்டின் பெயர் பொறித்த நாணயமானால் நமக்கு ஒரு வசதி உண்டு: 'சிங்கப்பூர்' என்ற சொல்லின் புள்ளிகளும் சுழிகளும் மிக நுணுக்கமானவை. ப்பூ என்ற இடத்தில் வளைவு பிசுபிசுத்துத் தெரிந்தால் படம் மங்கலானது, அல்லது நாணயம் தேய்ந்தது. தட்டையாகக் கிடக்கும் பெட்டியின் அச்செழுத்தோ துணியின் இழையோ அதே படத்தில் கூர்மையாக இருந்து, நாணயத்தின் எழுத்து மட்டும் மழுங்கியிருந்தால் ஐயம் நாணயத்தின் மீது திரும்ப வேண்டும்.

திறன்பேசிகள் செய்யும் 'உதவி' தனி. இரைச்சலை நீக்குகிறேன் என்று நுண்கீறல்களை வழித்துவிடும். நிழலை வெளிச்சமாக்குகிறேன் என்று மேடு பள்ளத்தைச் சமன்செய்துவிடும். பரப்பு மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருந்தால் அது நாணயத்தின் இயல்பன்று, மென்பொருளின் வேலை.

பிறகு ஒளி. நேர் மேலிருந்து பரவலாக விழும் மெல்லொளியில் எடுத்த படம் நிறத்தையும் தேய்மானத்தையும் ஓரளவு சரியாகக் காட்டும். கீறலையும் மினுமினுப்பையும் மறைக்கும். ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழும் ஒற்றை விளக்கொளி கீறலை எடுத்துக் காட்டும், நிறத்தைப் பொய்யாக்கும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. நாணயம் வைக்கப்பட்டுள்ள வெள்ளைத் தாள் படத்தில் மஞ்சளாகத் தெரிந்தால், நாணயத்தின் 'பழமையான பொன்மஞ்சள் சாயல்' விளக்கிலிருந்து வந்தது என்று கொள்ளலாம். தாள் கண்கூசும் வெள்ளையாக வெளுத்துப்போயிருந்தால், நாணயத்தின் பளபளப்பில் பாதி அப்படி வந்ததே.

பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் நாணயத்தில் கோடு தெரிந்தால் உடனே விலக்கிவிட வேண்டாம். அக்கோடு நாணயத்தின் விளிம்பைத் தாண்டி வெளியேயும் நீள்கிறதா என்று பாருங்கள். நீண்டால் கீறல் உறையின்மேல் உள்ளது. கீறல் விழுந்த உறைக்குள் அப்பழுக்கில்லாத நாணயம் குறைந்த விலைக்குக் கிடைப்பதும் உண்டு; என்னிடமுள்ள நல்ல நாணயங்களில் இரண்டு அப்படி வந்தவைதாம்.

மூன்றாம்படி: மேற்பரப்பைப் படித்தல்

தேய்மானம் எப்போதும் மேட்டிலிருந்து தொடங்கும். சிங்கப்பூர் அரசு முத்திரை பொறித்த பக்கத்தில் இடப்புறச் சிங்கத்தின் மார்பு, வலப்புறப் புலியின் தோள், கேடயத்தின் மேல் ஓரம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். தமிழர் வீடுகள் பலவற்றில் கிடக்கும் இன்னொரு நாணயத்தையும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம்: 1995-இல் தஞ்சாவூரில் நடைபெற்ற எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக இந்திய அரசு வெளியிட்ட, திருவள்ளுவர் உருவம் பொறித்த நாணயம். 1, 2, 5 ரூபாய் மதிப்புகளில் வந்தது. கடைகளில் புழங்கிய நாணயம் என்பதால் எல்லா நிலைகளிலும் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. அமர்ந்திருக்கும் உருவத்தில் முழங்காலும் முகமும்தான் முன்னே துருத்துபவை. புழங்கிய பிரதிகளில் அவை தட்டையாகி, சுற்றுப்புறத்தைவிட வேறொரு சாம்பல் நிறத்தில் தெரியும். அந்த நிறமாற்றம்தான் அடையாளம். அச்சு அழுத்தம் குறைந்ததால் மழுங்கிய இடத்தில் விவரம் இருக்காது, ஆனால் மினுமினுப்பு சுற்றியுள்ள பரப்பைப் போலவே இருக்கும். அதற்கு நேர் பின்புறத்தில் பெரும்பாலும் ஆழமான உருவம் ஒன்று இருந்து உலோகத்தை இழுத்துக்கொண்டிருக்கும். தேய்ந்த இடத்திலோ விவரமும் போயிருக்கும், ஒளியும் செத்திருக்கும்.

அடுத்தது கோடுகள். படத்தில் தெரியும் கோடு நாணயத்தில் குழிந்திருக்கிறதா, புடைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. புடைத்திருந்தால் அது அச்சில் இருந்த விரிசலோ அச்சை மெருகிட்ட தடமோ ஆகும். நாணயம் பிறக்கும்போதே வந்தது, யாரும் கெடுத்ததன்று. கண்டறியும் வழி எளிது. எழுத்துகளின் எந்த ஓரத்தில் நிழல் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஒளி இட மேற்புறத்திலிருந்து வந்தால் எழுத்தின் இட மேல் ஓரம் மின்னும், வலக் கீழ் ஓரம் இருளும். கோட்டிலும் அதே வரிசை என்றால் அது புடைப்பு. வரிசை தலைகீழாக இருந்தால் அது கீறல். கோடுகள் மிக மெல்லியவையாக இருந்து நிழல் தெரியாவிட்டால் வேறொரு சோதனை உண்டு: அச்சை மெருகிட்ட தடம் வெற்றுப்பரப்பில் மட்டுமே ஓடும், எழுத்தையோ உருவத்தையோ எட்டியதும் நின்றுவிடும், துணியால் துடைத்த கீறல் எழுத்தின்மேலும் ஏறி மறுபுறம் இறங்கும்.

புழங்காத நாணயத்திலும் சிறு வெட்டுகள் இருக்கும். நாணயச்சாலையிலேயே ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இடித்துக்கொள்வதால் அங்கங்கே, திசை ஒழுங்கின்றி, குட்டையாக அமைபவை அவை. முகத்திலும் திறந்த வெற்றுப்பரப்பிலும் விழுந்தால் கண்ணை உறுத்தும். தலைமுடி, கப்பல் கயிறு போன்ற நெருக்கமான வேலைப்பாட்டுக்குள் விழுந்தால் ஒளிந்துகொள்ளும். அவற்றுக்காக விலையைக் குறைக்கலாம், அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது துலக்கலுக்கு. புளி, பல்துலக்கும் பசை, சபீனா, திருநீறு என்று நம் வீடுகளில் உலோகத்தைப் பளிச்சென்று ஆக்கும் பொருள்கள் அனைத்தும் நாணயத்துக்குப் பகை. பித்தளைக் குடத்துக்கு மெருகு அழகு. நாணயத்துக்கோ அச்சு அழுத்தத்தில் உலோகம் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஓடியபோது உண்டான மிக நுண்ணிய வரிகள்தாம் உயிர். சாதாரண அச்சு நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றும்போது வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்போல ஓர் ஒளிக்கீற்று சுற்றி வருவது அவற்றால்தான். தேய்த்தால் அவை அழியும், பிறகு எவராலும் திரும்பக் கொண்டுவர இயலாது. தேய்த்த நாணயத்தைப் படத்தில் காண மூன்று தடயங்கள் உதவும். எழுத்துகளின் காலடியிலும் விளிம்பின் உள்மடிப்பிலும் கறுப்பு அழுக்கு தங்கியிருக்க, வெற்றுப்பரப்பு மட்டும் வெளுத்திருக்கும். கோடுகள் ஒரே திசையிலோ வட்டமாகவோ கூட்டமாக ஓடும். ஒளி ஒரு கீற்றாகக் குவியாமல் பரப்பு முழுவதும் ஒரே மாதிரி பரவியிருக்கும். அமிலக் கரைசலில் தோய்த்தெடுத்த நாணயத்தில் கோடுகள் இரா. ஆனால் பலமுறை தோய்த்தால் ஒளி மங்கிச் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். நம் ஊரின் ஈரப்பதத்தில் அரை நூற்றாண்டைக் கடந்த பாதி வெள்ளி நாணயம் சற்றும் நிறம் மாறாமல் வெள்ளை வெளேரென்று இருந்தால், அது எப்படி வைத்திருக்கப்பட்டது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

நிறம் மாறியிருப்பது குறையா என்று பலர் கேட்கிறார்கள். வெள்ளியின் மேற்பரப்பில் கந்தகம் படிந்து உண்டாகும் மெல்லிய படலமே அது. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மஞ்சள், செந்நீலம், நீலம் என்ற வரிசையில் மாறிக்கொண்டு போகும். பெரும்பாலும் விளிம்பில் தொடங்கி உள்நோக்கிப் பரவும். அந்த வரிசை குலையாமல் ஒன்றினுள் ஒன்று கரைந்து செல்லும் நிறத்தை விரும்பிக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு. நான் அவர்களில் ஒருவன் அல்லன், ஆனால் அதைக் குறையாகவும் எண்ணுவதில்லை. மஞ்சளே இல்லாமல் திடீரென்று ஊதாவும் நீலமும் திட்டுத் திட்டாக மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வேறுபாடில்லாமல் படர்ந்திருந்தால், யாரோ சூடேற்றியோ இரசாயனம் தடவியோ வரவழைத்த நிறமாக இருக்கலாம்.

பச்சை நிறம் வேறு கதை. செம்பில் களிம்பு உடன்பிறந்தது என்று சைவ சித்தாந்திகள் உவமை சொல்வார்கள். பாதி செம்பான நாணயத்துக்கும் அது பொருந்தும். காய்ந்து பொருக்காக ஒட்டியிருக்கும் களிம்பின் அடியில் உலோகம் குழிந்திருக்கும். அந்தக் குழி சீர்படாது. எண்ணெய்ப் பிசுக்குப்போல் வழுவழுப்பாக, எழுத்தோரங்களில் தேங்கிய வெளிர்பச்சையாகத் தெரிவது பெரும்பாலும் உறையால் வந்தது. பழைய மென்பிளாஸ்டிக் உறைகள் பல பிவிசியால் ஆனவை. அவை நாளடைவில் சிதைந்து வெளிவிடும் அமிலம் செம்பைத் தாக்கும். தொடக்க நிலையில் தூய அசிட்டோனில் கரைந்துபோகும் பிசுக்குதான் அது, ஆனால் படத்தைப் பார்த்துத் தொடக்க நிலையா முற்றிய நிலையா என்று சொல்ல வழியில்லை. மென்பிளாஸ்டிக் பையில் தொகுப்பாக விற்கப்படும் பழைய நாணயங்களில் இதை முதலில் தேடுங்கள்.

தங்க நினைவு நாணயங்களில் விளிம்பை மறக்கக் கூடாது. சிங்கப்பூர் நிறுவப்பட்ட 150ஆம் ஆண்டை ஒட்டி 1969-இல் 150 வெள்ளி முகமதிப்பில் வெளியானது போன்ற நாணயங்களைச் சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் கொடுத்துப் பதக்கமாகக் கட்டி அணிந்தவர்களும் இருக்கலாம். சவரனைக் காசுமாலையாகக் கோத்த மரபு நம்முடையது. வளையம் பற்றவைத்த இடத்தில் விளிம்பின் வரிகள் மறைந்து, நிறம் சற்று வேறுபட்டு இருக்கும். பெரும்பாலும் உருவத்தின் தலைக்கு நேர் மேலே இருக்கும். முன், பின் படங்கள் இரண்டு மட்டும் போட்டு விளிம்பைக் காட்டாத தங்க நாணயம் எனக்கு எப்போதும் உறுத்தும்.

நான்காம்படி: கேட்டுப் பெறுதல்

இத்தனையும் பார்த்த பிறகு விடை கிடைக்காத கேள்விகளை எழுதிக்கொண்டு விற்பவரிடம் கேளுங்கள். 'நல்ல படம் அனுப்புங்கள்' என்றால் மேலும் அழகான படம்தான் வரும். குறிப்பாகக் கேட்க வேண்டும். நான் அனுப்பும் செய்தி ஏறத்தாழ இப்படி இருக்கும்: 'வணக்கம். நாணயத்தை உறையிலிருந்து எடுக்க வேண்டாம். அறை விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு மேசை விளக்கின்கீழ் நாணயத்தை மெதுவாகச் சாய்த்துச் சுழற்றிப் பத்து விநாடிக் காணொளி ஒன்றை அனுப்ப இயலுமா? இதற்கு முன் எப்போதாவது துடைத்தோ கழுவியோ இருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.' நிலையான படம் மறைக்கும் கீறல் காணொளியில் ஒரு கணமேனும் மின்னிவிடும்; ஆரக்கால் ஒளி சுற்றுகிறதா என்பதும் தெரிந்துவிடும். உறையில்லாத நாணயமானால் எடைக்கருவியின்மேல் வைத்த படத்தையும் கேட்கலாம். எடை சரியாக இருப்பது அசல் என்பதற்குப் போதிய சான்றன்று, ஆனால் தவறாக இருந்தால் அத்துடன் நிறுத்திவிடலாம். பலருக்கு வேலைக்குப் பிறகுதான் படம் எடுக்க நேரம் இருக்கும். இரண்டு நாள் பொறுத்திருங்கள். தெளிவான காரணமில்லாமல் மறுப்பவரிடம் வாங்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரமதிப்பீட்டு நிறுவனங்கள் கெட்டியான பிளாஸ்டிக் பேழையில் அடைத்துத் தந்த நாணயமானால், பேழையின் எண்ணை அந்நிறுவனத்தின் இணையப்பக்கத்தில் சரிபாருங்கள். எண் சரியாக இருப்பது மட்டும் போதாது. போலிப் பேழைகள் உண்மையான எண்களைத் தாங்கி வருவதுண்டு. அங்கே நாணயத்தின் படமும் இருந்தால், அதிலுள்ள ஒரு சிறு வெட்டையோ புள்ளியையோ தேர்ந்து, விற்பவரின் படத்திலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இரு நிலைகளுக்கிடையே தடுமாற்றம் இருந்தால் தாழ்ந்த நிலைக்குரிய விலையை மட்டுமே மனத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஊர் சிறியது என்பதால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் சந்தித்து வாங்கும் வசதி நமக்கு உண்டு. அதைத் தவறவிட வேண்டாம். நிலையத்தின் கூரை விளக்குகள் எல்லாத் திசையிலிருந்தும் ஒளி வீசுவதால் கீறல்களை மறைத்துவிடும். எனவே சிறிய கைவிளக்கு ஒன்றையும் பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். விற்பவரின் அனுமதியோடு, விளிம்பை மட்டும் பிடித்து, மடியிலோ மேசையிலோ துணி விரித்து அதற்கு மேலாக வைத்துப் பாருங்கள். திறன்பேசியில் சேமித்து வைத்த விற்பனைப் படத்தைப் பக்கத்தில் திறந்து, அதில் நீங்கள் குறித்து வைத்த வெட்டுகளும் புள்ளிகளும் இதில் அதே இடங்களில் உள்ளனவா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். படத்தில் இல்லாத கீறல் தென்பட்டால் அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது நன்றி கூறித் திருப்பிக் கொடுத்துவிடலாம். பேநவ் வழியாகப் பணம் அனுப்புவது அதற்குப் பிறகுதான்.